அச்சுக்குப் போகாத வரைபடம்

தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தால் தேர்வில் வராத விஷயம்தான் மண்டையில் ஏறும். எனக்கு எப்போதும் அப்படித்தான். காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நான் போன வாரம் முழுக்கப் படித்தது, நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒரு மனிதர் காட்டுக்குள் போய் மலைகளை அளந்த கதை. தேர்வு எப்படி எழுதினேன் என்று யாரும் கேட்க வேண்டாம். கதையை மட்டும் சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விசித்திரம். நைல் நதி விக்டோரியா ஏரியிலிருந்து புறப்படும் இடத்தை ஆங்கிலேயரான ஜான் ஸ்பீக் ஆப்பிரிக்காவின் நடுவில் போய்ப் பார்த்தது 1862ல். நியூயார்க் நகரத்தை ஒட்டி ஓடுகிறதே ஹட்சன் நதி, அதன் தலை ஊற்று எங்கே என்று தெரிந்தது 1872ல். பத்து வருடம் கழித்து! அப்போதே நியூயார்க்கில் ரயில் இருந்தது, தந்தி இருந்தது, பங்குச் சந்தை இருந்தது. அதே மாநிலத்தின் வடக்கு மூலையில் ஒரு மலைத்தொடர் மட்டும் வரைபடத்தில் வெள்ளையாகக் கிடந்தது. அதுதான் அடிரோண்டாக்.

அந்தப் பெயரே புதுசு. 1837ல் எபனீசர் எம்மன்ஸ் என்ற புவியியல் அறிஞர் ஒரு குழுவோடு போய் அங்கே ஒரு சிகரத்தில் ஏறினார். அப்போது மாநில ஆளுநராக இருந்தவரின் பெயரை அதற்கு வைத்து 'மார்சி' என்றார்கள். அடுத்த வருடம் மலைத்தொடருக்கு அடிரோண்டாக் என்று பெயர் போட்டார். அதுவரை தெற்கே இருக்கும் கேட்ஸ்கில் மலைகள்தான் மாநிலத்தில் உயரம் என்று நம்பிக்கொண்டிருந்தார்களாம். பாதரச பாரமானியை வைத்து மார்சியின் உயரம் 5,467 அடி என்று எம்மன்ஸ் குழு சொன்னது. அது நூறு அடிக்கு மேல் அதிகம். ஆனால் அது தெரிய இன்னும் 38 வருடம் ஆனது.

நம்ம கதாநாயகர் வெர்பிளாங்க் கால்வின். 1847ல் மாநிலத் தலைநகரான ஆல்பனியில் பிறந்தவர். அப்பா வக்கீல், பையனும் அப்பாவின் அலுவலகத்திலேயே சட்டம் படித்தான். ஆனால் மனசெல்லாம் காட்டில். பதினெட்டு வயசிலிருந்தே அடிரோண்டாக் பக்கம் சுற்ற ஆரம்பித்துவிட்டார். 1870 அக்டோபரில் ஆல்வா டன்னிங் என்ற வேட்டைக்காரரைத் துணைக்கு வைத்துக்கொண்டு சீவர்ட் என்ற சிகரத்தில் ஏறினார். இறங்கி வந்து ஒரு அறிக்கை எழுதினார். அதில்தான் முக்கியமான வாதம் இருக்கிறது. இந்த மலைக்காடுதான் ஹட்சனுக்கும் கால்வாய்களுக்கும் தண்ணீர் தருகிறது, காட்டை மொட்டையடித்தால் நதியில் தண்ணீர் குறையும், எனவே இதை ஒரு பூங்காவாக அறிவித்துக் காப்பாற்ற வேண்டும் என்றார்.

அவர் அழகைப் பற்றி மட்டும் பேசவில்லை பாருங்கள். ஈரி கால்வாய் 1825லிருந்து நியூயார்க்கின் வியாபாரத்தைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தது. தண்ணீர் குறைந்தால் படகு ஓடாது, படகு ஓடாவிட்டால் சரக்கு வராது. வியாபாரிகளுக்குப் புரியும் பாஷையில் காட்டைப் பற்றிப் பேசினார். பிற்பாடு நியூயார்க் வணிகர் சபையே காட்டுக்காக வாதாடியதற்கு இந்தக் கணக்குதான் காரணம். காமர்ஸ் மாணவன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம் :-)

1872ல் சட்டமன்றம் அவருக்கு அனுமதி கொடுத்தது. பதவி: அடிரோண்டாக் சர்வே கண்காணிப்பாளர். வயது 25. முதல் ஒதுக்கீடு 1,000 டாலர். ஒரு மலைத்தொடர் முழுவதையும் அளக்க ஆயிரம் டாலர்! ஆட்களுக்குக் கூலி, கருவி, சாப்பாடு எல்லாம் அதற்குள். பற்றாக்குறைக்குத் தன் கைக்காசைப் போட ஆரம்பித்தார். வாழ்நாள் முழுக்க அந்தப் பழக்கம் போகவில்லை.

அந்த செப்டம்பரில் பில் நை என்ற வழிகாட்டியோடு மார்சிக்குப் பக்கத்தில் ஒரு சிகரத்தில் ஏறி மறுபக்கம் இறங்கினார். அங்கே சுமார் 4,300 அடி உயரத்தில் ஒரு குட்டிக் குளம். ஏரி என்று சொல்வதே மரியாதைக்குத்தான். அதன் தண்ணீர் வடக்கே வேறொரு ஆற்றுக்குப் போகிறது என்றுதான் நினைத்திருந்தார்கள். இவர் குளத்தின் வாய்க்காலைத் தேடிப் பார்த்தார். அது ஹட்சன் பக்கம் இறங்கியது. ஆக, நியூயார்க் துறைமுகத்தில் கடலில் கலக்கும் நதிக்கு இதுதான் உச்சி. மேகங்கள் விட்ட ஒரு கண்ணீர்த்துளி மாதிரி இருக்கிறது என்று அறிக்கையில் வர்ணித்தார். சர்வே அறிக்கையில் யாராவது இப்படி எழுதுவார்களா? ஆனால் பெயர் நிலைத்துவிட்டது. இன்றைக்கும் 'லேக் டியர் ஆஃப் த க்ளவுட்ஸ்'தான்.

(பில் நை பற்றி ஒரு இடைச்செருகல். 1868ல் அவலாஞ்ச் ஏரிக்கரையில் பாறை செங்குத்தாகத் தண்ணீருக்குள் இறங்கும் இடத்தில், மெட்டில்டா என்ற பெண்மணியைத் தோளில் உட்காரவைத்து தண்ணீருக்குள் நடந்தே கடந்திருக்கிறார். நடுவில் அவர் சரிய, 'ஏறி உட்காரு மெட்டில்டா' என்று கரையிலிருந்து சத்தம். இன்று அந்த இடத்தில் பாறையோடு சேர்த்து மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். பாலத்தின் பெயரே 'ஹிட்ச் அப் மெட்டில்டா'. நனையாமல் போகலாம்.)

சரி, காட்டு மலையை அளப்பதில் என்ன கஷ்டம்? நான் முதலில் உயரம்தான் கஷ்டம் என்று நினைத்தேன். இல்லை. மரம்தான் கஷ்டம். அந்தக் காலத்து சர்வேக்கு அடிப்படை முக்கோண அளவை. ஒரு அடிக்கோட்டைத் துல்லியமாக அளந்துகொண்டு, அதன் இரண்டு முனைகளிலிருந்தும் தூரத்துச் சிகரத்தைத் தியோடலைட்டில் பார்த்துக் கோணம் எடுத்தால் மீதி இரண்டு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். பிறகு அந்தப் பக்கங்களின் மேல் அடுத்த முக்கோணம், அதன் மேல் அடுத்தது. பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஆனால் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனை கண்ணுக்குத் தெரிந்தால்தானே கோணம் எடுக்க முடியும்? அடிரோண்டாக்கில் பாதி சிகரங்களுக்கு உச்சி வரைக்கும் ஸ்புரூஸ், பால்சம் ஃபிர் மரங்கள். மேலே போய் நின்றால் மூக்குக்கு முன்னால் கிளைதான் தெரியும். இந்த மரங்களும் தாழ்வாக, நெருக்கமாக, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வளர்பவை. புயலில் விழுந்த மரங்கள் வேறு குறுக்கே கிடக்கும். கோடையில் கடிக்கும் கறுப்பு ஈக்கள்.

எனவே உச்சியில் மரங்களை வெட்டி, அந்தக் கட்டையிலேயே கோபுரம் கட்டி அடையாளம் வைத்தார்கள். காட்டைக் காப்பாற்ற வந்தவர் முதலில் செய்த வேலை சிகரத்துக்குச் சிகரம் மரம் வெட்டியது! கோபுரத்தின் மேல் தகரத் தகடுகளைத் தொங்கவிட்டார். சூரியன் எந்தப் பக்கம் இருந்தாலும் ஏதாவது ஒரு தகடு பல மைல் தூரத்துக்கு மின்னும். ஆள் இல்லாமலே தானாக சைகை காட்டும் கருவி. இதற்கு 'ஸ்டான் ஹீலியோ' என்று பெயர் வைத்தார். ஏரிகளைக் கடக்க மடித்து எடுத்துப்போகும் கேன்வாஸ் படகு ஒன்றையும் தயாரித்தார். துணியை மட்டும் சுமந்து போவது, சட்டத்துக்கு வேண்டிய கொம்புகளை அங்கேயே காட்டில் வெட்டிக்கொள்வது. முக்கியமான சிகரங்களின் பாறையில் துளை போட்டு, எண் பொறித்த செம்பு ஆணிகளை அடித்தார்கள். சில ஆணிகள் இன்னமும் இருக்கின்றன. மலை ஏறுகிறவர்கள் தேடிப்பிடித்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1875ல் மார்சியை மறுபடி அளந்த விதம். பாரமானி காற்றழுத்தத்தை நம்புவது. வானிலை மாறினால் உயரமும் மாறும். கால்வினுக்கு அது போதவில்லை. லெவல் கருவியையும் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு ஷாம்ப்ளெய்ன் ஏரிக்கரையிலிருந்து கிளம்பினார்கள். கோலை முன்னால் ஒருவர் பிடிக்க, கருவியில் மட்டம் பார்த்து இத்தனை அடி இத்தனை அங்குலம் ஏறியிருக்கிறோம் என்று குறித்துக்கொள்வது. கருவியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடம். மறுபடி கோல், மறுபடி மட்டம். படிக்கட்டு ஏறுவது மாதிரி, ஏரி மட்டத்திலிருந்து மாநிலத்தின் உச்சி வரை. உச்சியை நெருங்கும்போது நவம்பர் ஆகிவிட்டது. பனி, உறைகாற்று, லெவல் ஆட்டம் காணாமல் நிற்கவே முடியாத நிலை. அதிலும் அளந்தார்கள். விடை 5,344 அடி சொச்சம். இன்றைய கருவிகளின் கணக்கு அதிலிருந்து ஓரிரு அடிக்குள்தான் இருக்கிறது.

இதையெல்லாம் கூட இருந்து செய்தவர் மில்ஸ் பிளேக். கால்வினின் பால்ய சினேகிதர், தலைமை உதவியாளர். அளவை எடுப்பது, கணக்குப் போடுவது, ஆட்களை மேய்ப்பது எல்லாம் இவர் பொறுப்பு. கடைசியில் இவர் மறுபடி வருவார்.

இனி சுவாரசியம் குறைவாகத் தெரியும், ஆனால் விஷயம் கனமான பகுதி. நில எல்லை.

அந்தக் காலத்து மரவியாபாரிகள் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். காட்டை மலிவாக வாங்குவது, மரத்தை வெட்டி எடுப்பது, அப்புறம் நிலவரி கட்டாமல் விட்டுவிடுவது. வரி பாக்கிக்காக நிலம் அரசுக்கே திரும்பி வரும். அதாவது சக்கையை அரசின் தலையில் கட்டுவது. இப்படிச் சேர்ந்துகொண்டே போய், அரசிடம் லட்சக்கணக்கான ஏக்கர் இருந்தது. சக்கையோடு சக்கையாக வெட்டாத நல்ல காடும் அதில் நிறைய. ஆனால் அது எங்கே இருக்கிறது? யாருக்கும் தெரியாது! ஆவணத்தில் மனை எண் இருக்கும், தரையில் கோடு இருக்காது. பல கோடுகள் 1770களில் டாட்டன், கிராஸ்ஃபீல்டு என்ற இருவர் பெயரில் நடந்த பெரிய நில வாங்கலின்போது போட்டவை. எல்லைக்கல்லுக்குப் பதில் மரத்தில் கோடாரியால் கொத்திய அடையாளம். நூறு வருடத்தில் மரம் விழுந்திருக்கும், எரிந்திருக்கும், இல்லையென்றால் காயத்தின் மேல் பட்டை மூடியிருக்கும். எல்லைக்கல் இருந்தே நம்ம ஊரில் வரப்புத் தகராறு கோர்ட்டுக்குப் போகிறது. கல்லே இல்லாத காட்டில் எந்த மரம் அரசு மரம், எந்த மரம் வியாபாரியின் மரம்? திருடனைப் பிடித்தாலும், இது உன் நிலம் என்று நிரூபி என்பான்.

1883ல் சட்டமன்றம் இரண்டு காரியம் செய்தது. அந்தப் பகுதியில் அரசு நிலத்தை விற்பதை நிறுத்தியது. அரசு நிலத்தின் எல்லைகளைத் தேடிப்பிடிக்கும் வேலையைக் கால்வினிடம் கொடுத்தது. அவருடைய ஆட்கள் பழைய கோடு போன திசையில் காட்டைத் துழாவி, சந்தேகமான மரங்களின் பட்டையைச் செதுக்கிப் பார்த்தார்கள். உள்ளே பழைய கோடாரி வெட்டு மறைந்திருக்கும். வெட்டுக்கு மேல் வளர்ந்த வளையங்களை எண்ணினால் எந்த வருடம் கொத்தியது என்று தெரிந்துவிடும். மரமே சாட்சி சொல்வது மாதிரி.

இந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே, 1885ல் அரசு நிலம் முழுவதும் வனக் காப்பகம் என்று சட்டம் வந்தது. அடிரோண்டாக்கில் மட்டும் அப்போது சுமார் 7 லட்சம் ஏக்கர். 1892ல் அடிரோண்டாக் பூங்கா. வரைபடத்தில் நீல மையில் எல்லை போட்டதால் அதை இன்றும் 'புளூ லைன்' என்கிறார்கள். 1894ல் மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள்: காப்பக நிலத்தை விற்கக்கூடாது, மரத்தை வெட்டக்கூடாது, என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும். சாதாரணச் சட்டம் என்றால் அடுத்த ஆட்சி மாற்றிவிடும். இதை மாற்ற மக்கள் வாக்களிக்க வேண்டும். கால்வின் 1870ல் கேட்டது 24 வருடத்தில் கைக்கு வந்தது. இன்று புளூ லைனுக்குள் சுமார் 60 லட்சம் ஏக்கர், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு அரசின் காப்பகம்.

இங்கே கதை முடிந்திருந்தால் சினிமா. ஆனால் கால்வினின் மேப் எங்கே?

அதுதான் பிரச்சினை. வருடா வருடம் அறிக்கை கொடுத்தார். அதுவும் தாமதமாக. கரடி, பனிப்புயல், பட்டினி எல்லாம் கலந்து, படங்களோடு, நாவல் மாதிரி. மக்கள் ரசித்துப் படித்தார்கள். சட்டமன்ற உறுப்பினர்கள் கேட்டது ஒன்றுதான்: எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மேப் எப்போது வரும்? இவர் பதிலும் ஒன்றுதான்: இன்னும் கொஞ்சம் அளக்க வேண்டும், இன்னும் கொஞ்சம் பணம் வேண்டும். ஓடைகள், எல்லைகள், கோணங்கள் என்று நோட்டுப் புத்தகங்கள் குவிந்தன. முழு அடிரோண்டாக் மேப் அச்சில் வரவே இல்லை. எங்கள் பாடத்தில் 'வொர்க் இன் ப்ராக்ரஸ்' என்று ஒரு தலைப்பு வரும், பாதி முடிந்த சரக்கு. 28 வருடம் அவருடைய கணக்கில் அந்த ஒரு தலைப்பு மட்டும்தான் இருந்தது.

அவர் மேல் எனக்குக் கோபமும் வருகிறது, பரிதாபமும் வருகிறது. தப்பான மேப்பை அச்சிடக்கூடாது என்ற பிடிவாதம் நல்லதுதான். ஆனால் சுமாரான மேப்பாவது கையில் இருந்தால் வழி தவறாமல் இருப்பார்களே என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. அதற்குள் மத்திய அரசின் புவியியல் அளவைத் துறை 1890களில் உள்ளே வந்தது. ஒரு மைலுக்கு ஒரு அங்குலம் அளவில், 20 அடிக்கு ஒரு சம உயரக் கோடு போட்டு, தாள் தாளாக அச்சிட்டு விற்க ஆரம்பித்தது. கால்வின் அளவு நுணுக்கம் அதில் இல்லை. சில முக்கியப் புள்ளிகளை அளந்துகொண்டு, நடுவில் உள்ள கோடுகளைப் பலகை மேசையில் கண்பார்வைக்கு வரைவது அந்தக் கால முறை. ஆனால் காசு கொடுத்தால் கையில் கிடைத்தது.

1900ல் சர்வே அலுவலகத்தை இழுத்து மூடினார்கள். அப்போது ஆளுநராக இருந்தவர் தியோடர் ரூஸ்வெல்ட். ஆம், காடு காடு என்று பேசிய அதே ரூஸ்வெல்ட். அடுத்த வருடம் அவர் துணை ஜனாதிபதி. 1901 செப்டம்பர் 13 அன்று மார்சியில் ஏறி இறங்கி, லேக் டியர் கரையில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு ஆள் ஓடி வந்து தந்தியைக் கொடுத்தார்: சுடப்பட்ட ஜனாதிபதி மெக்கின்லி சாகக் கிடக்கிறார். அன்று இரவே குதிரை வண்டியில் மலைப்பாதையில் விரைந்தார். ரயில் நிலையம் வந்து சேரும் முன்பே ஜனாதிபதி ஆகிவிட்டிருந்தார். கால்வின் வேலையை முடித்துவைத்தவருக்குப் பதவி தேடி வந்த இடம் கால்வின் கண்டுபிடித்த குளம்!

கால்வின் அப்புறம் ஒரு ரயில் பாதை நிறுவனம் தொடங்கப் பார்த்தார், நடக்கவில்லை. கடைசி காலத்தில் ஆல்பனித் தெருக்களில் தனக்குத்தானே பேசிக்கொண்டு நடப்பாராம். 1920ல் இறந்தார். அவருடைய நோட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தவர் பிளேக். அவை இன்று மாநில அரசின் ஆவணங்களில் இருக்கின்றன. நில எல்லைத் தகராறு வந்தால் இன்னமும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

இனி அந்த அச்சான மேப் என்ன செய்தது என்று பாருங்கள். லூயிஸ் மார்ஷல் என்ற வக்கீல், 1894ல் அந்த அரசியலமைப்பு விதிக்குத் துணை நின்றவர். அவருடைய மகன்கள் பாப், ஜார்ஜ். இரண்டு பையன்களும் ஹெர்பர்ட் கிளார்க் என்ற வழிகாட்டியும் சேர்ந்து 4,000 அடிக்கு மேல் உள்ள எல்லாச் சிகரங்களிலும் ஏறுவது என்று முடிவு செய்தார்கள். 1918ல் ஆரம்பித்து 1925ல் முடித்தார்கள். மொத்தம் 46. எட்டுச் சிகரங்களில் அதற்கு முன் யாரும் ஏறியதாகப் பதிவே இல்லை. எந்தச் சிகரம் 4,000 தாண்டும் என்று எதைப் பார்த்து முடிவு செய்தார்கள்? புவியியல் துறையின் அந்தப் பழைய தாள்களைப் பார்த்துத்தான்.

அந்த 46 ஒரு பட்டியலாக நிலைத்துவிட்டது. முழுக்க ஏறியவர்களை 'ஃபார்ட்டி சிக்ஸர்' என்பார்கள், சங்கம்கூட இருக்கிறது. பட்டியலை முடித்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். 1937ல் முடித்த முதல் பெண்மணி கிரேஸ் ஹூடவால்ஸ்கி, பிறகு பல வருடம் புதிதாக ஏறுகிறவர்களுக்குக் கடிதம் எழுதி ஊக்கப்படுத்திக்கொண்டே இருந்தார். 2014ல் ஒரு சிகரத்துக்கே அவர் பெயரை வைத்தார்கள். பல சிகரங்களில் முறையான பாதை கிடையாது. பட்டியலுக்காக ஏறியவர்களின் காலடியே பாதை ஆகிவிட்டது.

1950களில் விமானப் படங்களை வைத்து மறுபடி அளந்தபோது குட்டு உடைந்தது. 46ல் நான்கு சிகரங்கள் கட்-ஆஃப் தாண்டவில்லை! கிளிஃப், பிளேக் இரண்டும் 3,960 அடி. நை 3,895. கவுச்சஸ்ராகா 3,820, அது பாஸ் மார்க்குக்குப் பக்கத்தில்கூட இல்லை. அதே சமயம் பட்டியலில் இல்லாத மெக்நாட்டன் என்ற மலை சரியாக 4,000 என்று வந்தது. பாவம், அடுத்து வந்த அளவையில் அதுவும் கீழே போய்விட்டது. ரீவேல்யுவேஷன் போட்டு மார்க் ஏறி, மறுபடி இறங்கிய கதை. சங்கத்துக்காரர்கள் பட்டியலை மாற்றவில்லை. மார்ஷல் சகோதரர்கள் ஏறிய 46தான் 46 என்று விட்டுவிட்டார்கள். ஆக, பழைய மேப்பின் பிழைக்காக இன்றும் ஆயிரக்கணக்கானோர் ஒரு சதுப்பு நிலத்தைத் தாண்டி கவுச்சஸ்ராகாவில் ஏறுகிறார்கள். திட்டிக்கொண்டேதான் ஏறுகிறார்கள்.

ஃபெயில் ஆன நான்கில் இரண்டு பெயர்களைக் கவனித்தீர்களா? நை, நம்ம மெட்டில்டா புகழ் வழிகாட்டி. பிளேக், அந்த நோட்டுகளைக் காத்த மில்ஸ் பிளேக். சரியாக அளந்த குழுவின் ஆட்கள் இரண்டு பேரும் தப்பான மேப்பின் தயவில்தான் பட்டியலில் இருக்கிறார்கள்.

கால்வின் பெயரிலும் ஒரு மலை உண்டு. 4,057 அடி, சந்தேகமில்லாமல் பாஸ். பிளேக் அதற்குப் பக்கத்திலேயே இருக்கிறது. நடுவில் ஒரு ஆழமான பள்ளம். வழக்கமான பாதையில் பிளேக்குக்குப் போகிறவர்கள் முதலில் கால்வினில் ஏறி, பள்ளத்தில் இறங்கி, 4,000 அடி இல்லாத பிளேக்கில் ஏறிப் பட்டியலில் டிக் அடித்துவிட்டு, வீட்டுக்குத் திரும்ப மறுபடியும் கால்வின் மேல் ஏற வேண்டும்.